கால்வாய் வழியே போன சீர்த்தட்டு

எங்கள் பக்கத்தில் ரோடு என்பது கன்டெய்னர் லாரி நிற்பதற்காகப் போட்டது. ராயபுரத்தில் தொடங்கித் திருவொற்றியூர் தாண்டி எண்ணூர் வரைக்கும் ஒன்றன் பின்னால் ஒன்றாக நிற்கும். நடுவில் மனிதர்கள் போக வேண்டுமென்றால் அது அவரவர் சாமர்த்தியம். புதிதாக வருகிறவர்கள் பார்த்து மூக்கின் மேல் விரல் வைப்பார்கள். எங்களுக்கு அது மழை, வெயில் மாதிரி. நானும் இத்தனை வருஷமாக அந்த லாரிகளைத் திட்டாத நாள் இல்லை. ஆனால் ஒரு விஷயத்தில் அவற்றுக்கு நன்றி சொல்லியே ஆக வேண்டும். ஒரு தை மாதத்து வெள்ளிக்கிழமை காலையில் அவை மட்டும் ஒழுங்காக நகர்ந்திருந்தால், என் சித்தியின் நிச்சயதார்த்தத்துக்கு நாங்கள் எல்லாரையும் போல வேனில் போய் இறங்கியிருப்போம். இப்படி உட்கார்ந்து பெருமையடிக்க எனக்கு ஒன்றும் இருந்திருக்காது.

அப்போது எனக்கு ஒன்பது வயது. நாங்கள் ராயபுரத்தில் குடியிருந்தோம். அப்பா ஹார்பருக்குப் பெட்டி ஏற்றிப் போகும் கன்டெய்னர் லாரி டிரைவர். அம்மாவின் பிறந்த வீடு எண்ணூர் முகத்துவாரத்துப் பக்கம் ஒரு குப்பம். அங்கே அம்மாவின் அண்ணனான என் மாமா, அவர் மனைவி அத்தை, அம்மாவின் தங்கையான சித்தி, மூன்று பேரும் ஒரே வீட்டில். மாமாவுக்குக் கடல் தொழில். சொந்தமாக ஒரு பைபர் போட் வைத்திருந்தார். சித்தி நண்டும் இறாலும் வாங்கி மார்க்கெட்டில் விற்பாள். கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு அவள் நடந்தால், பக்கத்தில் நான் ஓட வேண்டும்.

சித்திக்கு ஏற்கெனவே இரண்டு வரன் வந்து தட்டிப் போயிருந்தது. முதல் வரன் பெண் பார்க்க வர வேண்டிய நாளில் அவர்கள் வீட்டில் யாரோ செத்துப்போக, "ராசியில்லாத பொண்ணு" என்று விட்டுவிட்டார்கள். இரண்டாவது கூட்டம் வந்து பஜ்ஜியெல்லாம் தின்றுவிட்டு, வாசலில் படிந்திருந்த அனல் மின் நிலையத்துச் சாம்பலை விரலால் தொட்டுப் பார்த்து, "எண்ணூர்ப் பொண்ணுக்கு மூச்சு எளைக்குமே" என்று சொல்லிவிட்டுப் போனது. யாருக்கு மூச்சு இளைக்கும்? என் சித்திக்கா? அவள் ஒரு சத்தம் போட்டால் மார்க்கெட்டின் அந்தக் கோடியில் தராசுத் தட்டு ஆடும். ஆனால் அன்றைக்கு அவள் பஜ்ஜித் தட்டுகளைக் கழுவிக் கவிழ்த்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொண்டாள். அதற்கப்புறம் ரொம்ப நாள் அவள் சிரித்து நான் பார்க்கவில்லை. அந்த பஜ்ஜிக்காரர்களை நான் இன்னும் மன்னிக்கவில்லை.

மூன்றாவது மாப்பிள்ளை பழவேற்காட்டுக்காரர். கடலுக்குப் போகிறவர் அல்ல, ஏரியில் நண்டும் இறாலும் பிடிக்கிறவர். எண்ணூர் ஏலத்துக்கு நண்டு கொண்டுவந்த இடத்தில் மாமாவே அவரைப் பார்த்து, பழகி, விசாரித்து, பேசி முடித்தார். "நானா பாத்த மாப்ள! எந்தத் தரகனும் காட்டல" என்று மாமா மார்தட்டிக்கொண்டார். மாப்பிள்ளைக்கு அப்பா இல்லை. பெரியப்பாதான் பெரிய மனிதர். அந்தப் பெரியப்பாவுக்கோ தன் மனைவி வழியில் ஒரு பெண்ணைக் கட்டிவைக்க வேண்டும் என்று ஆசை. நேரடியாக வேண்டாம் என்று சொல்ல முடியாமல், ஏதாவது சாக்குக் கிடைக்காதா என்று காத்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை பத்தரைக்கு ராகு காலம். அதற்குள் தங்கள் ஊருக்கு வந்து தட்டு மாற்றிவிட வேண்டும், ஒரு நிமிஷம் தாண்டினாலும் இந்தச் சம்பந்தம் வேண்டாம் என்று கண்டிப்பாகச் சொல்லி அனுப்பியிருந்தார். எண்ணூரிலிருந்து பழவேற்காட்டுக்கு வேனில் வருகிறவர்களிடம் இப்படிச் சொல்கிறார் என்றால், அவர் எங்கள் ரோட்டை நன்றாகத் தெரிந்தவர்.

அதனால்தான் விடியும்போதே கிளம்பினோம். நானும் அம்மாவும் முந்தின நாளே எண்ணூருக்கு வந்துவிட்டோம். அப்பா ஒரு லோடு இறக்கிவிட்டு நேராக அங்கே வந்துவிடுவதாகச் சொல்லியிருந்தார். தேங்காய், பழம், பூ, புடவை, மஞ்சள், சர்க்கரை, லட்டு என்று சீர்த்தட்டுகளை மடியில் ஒன்று, காலடியில் ஒன்றாக வைத்துக்கொண்டு வேனில் நெருக்கியடித்து உட்கார்ந்தோம். சித்தி மாம்பழக் கலரில் பட்டுப் புடவை கட்டியிருந்தாள். வேன் குப்பத்தைத் தாண்டிப் பெரிய ரோட்டில் ஏறியது. ஏறின இடத்தில் நின்றது. நின்றது நின்றதுதான்.

மாமா இறங்கிப் போய் முன்னால் பார்த்துவிட்டு வந்தார். வந்தவரோடு, கையில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டு, இன்னொருவரும் வந்தார். பார்த்தால் என் அப்பா! நேற்று இரவு லோடு இறக்கப் போனவர், அதே வரிசையில், எங்களுக்கு நாலு வண்டி முன்னால், லாரிக்கு அடியில் ஸ்டவ் வைத்து ரவை கிண்டிக்கொண்டிருந்திருக்கிறார்.

"நேத்துலேர்ந்து இங்கயே குந்திகினு கீறேன்" என்றார் அப்பா. "முன்னால ஒரு டிரெய்லர் கவுந்து கீதாம். கிரேன் வந்து தூக்கணும். சாயங்காலம் வரைக்கும் ஒண்ணும் அசையாது."

அம்மா தலையில் கையை வைத்துக்கொண்டாள். மாமா போனை எடுத்து மாப்பிள்ளையின் பெரியப்பாவைக் கூப்பிட்டு நிலைமையைச் சொன்னார். அந்தப் பக்கத்திலிருந்து வந்த பதில் வேன் முழுக்கக் கேட்டது. "அதுக்கு நான் இன்னா பண்ணட்டும்பா? ராகு காலத்துக்கு முன்ன வந்தா தட்டு. வராங்காட்டி அவங்க அவங்க வயிய அவங்க அவங்க பாத்துக்கலாம்." குரலில் சந்தோஷம் வழிந்தது. நான் சித்தியைப் பார்த்தேன். அவள் மடியில் இருந்த பூத்தட்டை இரண்டு கையாலும் இறுக்கிப் பிடித்துக்கொண்டு வெளியே பார்த்தபடி இருந்தாள். மூன்றாவதும் போச்சு என்று எனக்கே புரிந்தது.

அப்போதுதான் அப்பா கரண்டியை ஆட்டிக்கொண்டே சொன்னார்: "ஏன் மச்சான், உங்கையில போட் கீது. பின்னால கால்வா கீது. அது நேரா பழவேற்காட்டு ஏரிக்குத்தான போவுது? தண்ணில இன்னா டிராபிக்கா?"

அப்பா மீனவர் வீட்டுப் பிள்ளை இல்லை. அதனால் தான் சொன்னது எவ்வளவு பெரிய வார்த்தை என்று அவருக்குத் தெரியவில்லை. தொழிலுக்குப் போகிற போட்டில் பெண்கள் கால் வைக்கக் கூடாது. இது எங்கள் அம்மா பிறந்த குப்பத்துச் சட்டம். பெண்கள் கரையில் நின்று மீனைக் கூறு போடலாம், விற்கலாம், வலையைக் காயப் போடலாம். ஆனால் போட்டில் காலெடுத்து வைத்தால் வலையில் மீன் விழாது என்பார்கள். அம்மா கடலுக்கு எதிரே பிறந்து வளர்ந்தவள். ஒரு நாள்கூடப் போட்டில் ஏறியதில்லை. மாமாவின் முகம் கறுத்துவிட்டது.

"ஆவாது" என்றார் மாமா. "எங்க நைனா காலத்துலேர்ந்து எந்தப் பொம்பளயும் ஏறுனது இல்ல."

அதுவரைக்கும் வாயைத் திறக்காமல் இருந்த அத்தை வேனை விட்டு இறங்கினாள். லட்டுத் தட்டைத் தலையில் தூக்கி வைத்துக்கொண்டு குப்பத்தைப் பார்த்து நடக்க ஆரம்பித்தாள். அத்தை நடந்தால் பிறகு எல்லாரும் நடக்க வேண்டியதுதான். அம்மா தேங்காய்த் தட்டோடு, சித்தி பூத்தட்டோடு, நான் மஞ்சள் தட்டோடு, மாமா மிச்சத் தட்டுகளோடும் கடுகடுத்த முகத்தோடும். லாரிகளுக்கு நடுவே வரிசையாகப் போனோம். அப்பா ஓடிப் போய்த் தன் லாரியில் ஏறி ஹாரனை அழுத்தினார். அடுத்த லாரிக்காரர் எதற்கென்று தெரியாமலே தானும் அழுத்தினார். அப்புறம் பார்க்க வேண்டுமே! கண்ணுக்கெட்டிய தூரம் வரைக்கும் எல்லா லாரியும் ஊதியது. எந்த நாதஸ்வரக்காரன் ஊதுவான் இப்படி? மார்பு விம்ம நான் மஞ்சள் தட்டை இன்னும் உயர்த்திப் பிடித்துக்கொண்டேன். பெட்டியை விட்டுவிட்டு வர முடியாத அப்பா மட்டும் ஹாரனோடு அங்கேயே நின்றுவிட்டார்.

ஆற்றங்கரையில் மாமாவின் போட் கட்டியிருந்தது. மாமா அதற்கு முன்னால் போய்க் குறுக்கே நின்றார். சத்தம் கேட்டுக் குப்பத்து ஜனம் கூடிவிட்டது.

அத்தை தட்டை இறக்கவே இல்லை. "போட்டு முகப்புல யாரு பேரு எய்தி கீது?" என்று கேட்டாள்.

மாமா முகப்பைத் திரும்பிப் பார்த்தார். சிவப்புப் பெயின்ட்டில், கொட்டை எழுத்தில், அத்தையின் பெயர்தான் இருந்தது. கல்யாணமான புதிதில் ஆசையாக எழுதினது.

"ஏன்யா, என் பேரு மட்டும் டெய்லி கடலுக்குப் போய்ட்டு வருது. நான் போனா மட்டும் ஆவாதா? அப்ப என் பேர அழி. இப்பவே அழி. அழிச்சிட்டுப் பேசு."

கூட்டத்தில் பெண்களெல்லாம் கொல்லென்று சிரித்தார்கள். ஆண்களில் சிலர் தலையைக் குனிந்துகொண்டார்கள். எல்லார் போட்டிலும் யாராவது ஒரு பெண்ணின் பெயர் இருந்தது. மாமா தலையைச் சொறிந்தார். சித்தியைப் பார்த்தார். அவள் பூத்தட்டை மார்போடு அணைத்துக்கொண்டு போட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். சட்டென்று வீட்டுக்குள் போனார். நீலக் கலர் தார்ப்பாய் ஒன்றைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்தார். போட்டின் முன்னாலிருந்து பின்னால் வரைக்கும் அதை விரித்து, நான்கு பக்கமும் இழுத்து விட்டார்.

"கால் போட்ல படக் கூடாது" என்றார். "தார்ப்பாய்ல படலாம். ஏறுங்க, ஜல்தி!"

ஹைகோர்ட் ஜட்ஜ் தீர்ப்பு சொன்ன மாதிரி இருந்தது. குப்பமே கைதட்டியது. அத்தை முதலில் ஏறினாள். ஏறும்போது தன் பெயரை ஒரு தரம் உள்ளங்கையால் தொட்டுக்கொண்டாள். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஏறினாள். என்னை மாமா தூக்கிப் போட்டார். சித்தி புடவையைக் கொஞ்சம் தூக்கிப் பிடித்துக்கொண்டு, போட் ஆடுகிற ஆட்டத்துக்குத் தோதாக ஒரு கால், மறு கால் என்று வைத்து ஏறி, முன்னால் போய்க் குந்திக்கொண்டாள்.

இன்ஜின் தடதடவென்று கிளம்பியது. முதலில் எங்கள் ஊர்த் தண்ணீர். அனல் மின் நிலையத்தின் பெரிய பெரிய புகைபோக்கிகள் ஒரு பக்கம் நின்றன. அங்கிருந்து வந்து கலக்கும் தண்ணீரில் கையை விட்டால் வெதுவெதுவென்று இருந்தது. ஊரில் எல்லாருக்கும் பச்சைத் தண்ணீர், எங்களுக்கு மட்டும் வெந்நீர் என்று நான் பெருமைப்பட்டேன். கரையெல்லாம் சாம்பல் படிந்து, கொக்குகூட வெள்ளையாக இல்லாமல் அழுக்கு வேட்டிக் கலரில் நின்றது. தலைக்கு மேல் குழாய்கள் தாழ்வாகப் போன இடத்தில் மாமா, "குனிங்க! குனிங்க!" என்று கத்தினார். அம்மா தேங்காய்த் தட்டின் மேல் கவிழ்ந்துகொண்டாள். அத்தை மட்டும் லட்டுத் தட்டைக் காப்பாற்றுவதற்காக மல்லாக்கப் படுத்துவிட்டாள்.

அதைத் தாண்டிக் கால்வாயில் கொஞ்ச தூரம் போனதும் எல்லாம் மாறிவிட்டது. புகை பின்னால் போயிற்று. தண்ணீர் பச்சையாயிற்று. இரண்டு பக்கமும் அலையாத்திச் செடிகள் வேரைத் தூக்கிக்கொண்டு நின்றன. மீன்கொத்தி ஒன்று எங்களோடு கூடவே வந்தது. காற்றில் நாற்றமே இல்லை. என் மூக்கு அதை முதலில் நம்பவில்லை. அம்மா கண்ணைத் திறந்தாள். தண்ணீரில் விரலை விட்டுக் கோடு இழுத்துக்கொண்டே வந்தாள். அவள் அப்படிச் சின்னப் பெண் மாதிரி உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை.

"இத்தினி நாளா இத்தயா நமக்குக் காட்டாம வெச்சிகினு இருந்தானுங்கோ?" என்றாள் அத்தை.

மாமா இன்ஜின் சத்தத்தைக் கூட்டினார்.

ஆனால் கொஞ்ச நேரத்தில் மாமாவின் முகம் வேறு மாதிரி ஆயிற்று. கால்வாய் அகன்று, செடிகள் விலகி, எதிரே தண்ணீர் மூன்றாகப் பிரிந்து போனது. மாமா இன்ஜினை நிறுத்திவிட்டு எழுந்து நின்று, கண்ணுக்கு மேல் கையை வைத்துப் பார்த்தார். அவர் நடுக்கடலில் நட்சத்திரத்தைப் பார்த்துக் கரைக்கு வருகிறவர். இந்தப் பக்கம் வந்து எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. கடல்காரருக்குக் கால்வாயும் சேறும் பிடிபடாது. மூன்று வழியில் இரண்டு போய்ச் சேற்றில்தான் முடியும். தப்பான வழியில் போனால் அங்கேயே கிடக்க வேண்டியதுதான். அம்மா வாய்க்குள் அம்மனைக் கூப்பிட ஆரம்பித்தாள்.

"அண்ணே" என்றாள் சித்தி. குனிந்த தலை நிமிரவில்லை. "நடுவால வாணாம். சோத்தாங்கைப் பக்கம் போ."

"உனக்கு எப்பிடித் தெரியும்?"

"தோணுது."

வேறு வழியில்லாமல் மாமா வலது பக்கம் திருப்பினார். ஆழமான தண்ணீர் எங்களை இழுத்துக்கொண்டு போனது. இன்னும் கொஞ்ச தூரத்தில், "இங்க வேகத்தக் கொறச்சிக்கோண்ணே, அடியில பழைய கல்லு கீது" என்றாள். குறைத்தார். போட்டுக்குப் பக்கத்தில், தண்ணீருக்கு ஒரு சாண் கீழே, கருப்பாக ஒரு பழைய கல் சுவர் வழுக்கிக்கொண்டு போனதை நான் எட்டிப் பார்த்தேன். மாமா வாயைப் பிளந்தார். "ரத்தம்டா!" என்று கத்தினார். "எங்க நைனா ரத்தம்! தண்ணியப் பாத்தாலே வயி தெரியுது பாரு!" சித்தி மேலும் குனிந்துகொண்டாள்.

அப்புறம் ஏரி திறந்தது. கடலைத் தவிர அவ்வளவு தண்ணீரை நான் கரையில்லாமல் பார்த்ததே இல்லை. நடு நடுவே மணல் திட்டுகள். திட்டு என்றா சொன்னேன்? அவை பறவைகளின் ஊர். ஆலாக்கள் தலைக்கு மேல் கீச்சுக் கீச்சென்று சண்டை போட்டன. கூழைக்கடாக்கள் ஏலக்காரர்கள் மாதிரி வாயைத் தொங்கப் போட்டுக்கொண்டு குந்தியிருந்தன. கடைசித் திட்டைச் சுற்றி, தண்ணீரோரமாக, ரோஸ் கலர் ரவிக்கைத் துணியை யாரோ நீளமாக விரித்துக் காயப் போட்டது போல இருந்தது. பூநாரைகள். அதன் பெயர்கூட எனக்கு அப்போது தெரியாது.

நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது போட் தொபுக்கென்று நின்றது. மாமாவும் அதைத்தான் பார்த்திருக்கிறார். சேறு.

மாமா இன்ஜினை முறுக்கினார். சேறு பின்னால் பீய்ச்சியடித்ததே தவிர போட் அசையவில்லை. இறங்கித் தள்ளினார். முழங்கால் வரைக்கும் புதைந்தார். ஒற்றை ஆள், என்ன செய்வார்? சூரியன் நன்றாக மேலே வந்துவிட்டது. மாமா செல்போனில் மணியைப் பார்த்துவிட்டு, எங்களுக்குச் சொல்லாமல் பைக்குள் போட்டுக்கொண்டார். தோற்றுவிட்ட மனிதரின் முகம் அவருக்கு. நான் அழத் தயாரானேன்.

சித்தி எழுந்தாள். பட்டுப் புடவையை முழங்காலுக்கு மேல் வரிந்து சொருகினாள். மூங்கில் கோலை எடுத்துக்கொண்டு குதித்தாள். "அக்கா, எறங்கு. அண்ணி, பின்னால போ. அண்ணே, நேராத் தள்ளாத, கோணலாத் தள்ளு. இந்தாண்ட நாலு அடி தள்ளுனா ஆழம் கீது." மார்க்கெட்டில் கேட்கும் அந்தக் குரல்! எத்தனை மாதத்துக்குப் பிறகு கேட்கிறேன்! தட்டுகளையெல்லாம் என்னிடம் ஒப்படைத்துவிட்டு மூன்று பட்டுப் புடவைகளும் சேற்றில் இறங்கின. "ஐலேசா" போட்டது அத்தை. தள்ளியது எல்லாரும். தார்ப்பாய் சுருண்டு நழுவித் தண்ணீருக்குள் போனதைப் பார்த்தும் யாரும் அதை எடுக்கவில்லை. மூன்றாவது தள்ளலில் போட் வழுக்கிக்கொண்டு ஆழத்துக்குப் போனது. எங்கள் கூச்சலில் பூநாரைகள் அத்தனையும் ஒரே நேரத்தில் எழும்பின. வானமே ரோஸ் ஆயிற்று. தண்ணீரில் நின்றபடி அம்மாவும் அத்தையும் அண்ணாந்து பார்த்தார்கள். சித்தி பார்க்கவில்லை. "ஏறுங்க, அப்பால பாக்கலாம்" என்று விரட்டினாள்.

அதற்கப்புறம் அவள் குந்தவே இல்லை. கோலோடு முன்னால் நின்றாள். அவள் கை காட்டின பக்கம் மாமா திருப்பினார். அத்தை ஏரித் தண்ணீரை அள்ளி எல்லார் காலையும் கழுவிவிட்டாள். அம்மா புடவைகளை உதறி உதறிக் காற்றில் காய வைத்தாள். பழவேற்காட்டுக் கரை தெரிந்தபோது ஜனமும் தெரிந்தது. சும்மா உட்கார்ந்திருந்த மேளக்காரர்கள் போட்டைப் பார்த்ததும், யாரும் சொல்லாமலே அடிக்க ஆரம்பித்துவிட்டார்கள். முகப்பில் தன் பெயருக்கு மேலே அத்தை லட்டுத் தட்டோடு நின்றாள். கரைக்குக் கொஞ்சம் முன்னால், முட்டளவுத் தண்ணீரில் வெள்ளை வேட்டியோடு மாப்பிள்ளை நின்றுகொண்டிருந்தார். அவர்தான் கயிற்றைப் பிடித்தார்.

பெரியப்பா கைக்கடிகாரத்தைப் பார்த்தார். உதறினார். காதில் வைத்துப் பார்த்தார். ராகு காலத்துக்கு இன்னும் நேரம் இருந்தது. வேறென்ன செய்வார் பாவம், கடைசி அம்பை எடுத்தார்.

"தொயில் போட்லயா பொம்பளைங்கள ஏத்தினு வந்தீங்கோ? இன்னாபா இது, அபசகுனமா கீது!"

மாமா கயிற்றை விட்டுவிட்டு நிமிர்ந்தார். முழங்கால் வரைக்கும் சேறு. "யாரு சொன்னது?" என்றார். "என் போட்ல ஒரு பொம்பள காலும் படல. அல்லாரும் தார்ப்பாய் மேலதான் நின்னாங்கோ."

"தார்ப்பாய்தான் சேத்துல பூட்..." என்று நான் ஆரம்பித்தேன். அவ்வளவுதான், என் வாயில் முழு லட்டு ஒன்று வந்து அடைத்துக்கொண்டது. அம்மாவுக்கு அவ்வளவு வேகமாகக் கை ஓடும் என்று எனக்குத் தெரியாது.

கரையில் நின்ற அந்த ஊர்ப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருத்தி கேட்டே விட்டாள்: "அப்ப தார்ப்பாய் போட்டா நாங்களும் போலாமா?"

"தாராளமா!" என்றாள் அத்தை.

கரையே சிரித்தது. பெரியப்பாவின் சம்சாரமே சிரித்துவிட்டாள். அதோடு பெரியப்பாவின் கதை முடிந்தது. மேளம் கொட்ட, ராகு காலத்துக்கு முன்னால், சேற்றுக் கறை படிந்த மாம்பழக் கலர்ப் புடவையோடு என் சித்திக்குத் தட்டு மாற்றினார்கள். அவள் சிரித்தாள். எல்லாரும் பார்க்கும்படி, பல் தெரிய. அன்றைக்கு நான் தின்ற லட்டுக்குக் கணக்கே இல்லை.

மாமா இந்தக் கதையை இன்றைக்கும் சொல்வார். நானா பாத்த மாப்ள, நானா ஓட்டுன போட், எங்க நைனா ரத்தம் என்று மூன்றையும் சேர்த்துத்தான் சொல்வார். ரத்தத்துக்கு வழி தெரியும் என்பதை நானும் வெகுநாள் நம்பினேன். அந்த நம்பிக்கையில் ராயபுரம் சந்துகளில் தோழிகளைக் கூட்டிக்கொண்டு போய்த் தொலைந்து, அப்பாவிடம் அடி வாங்கியும் எனக்குப் புத்தி வரவில்லை. வளர்ந்த பிறகு ஒரு நாள், பஸ்ஸில் சும்மா போய்க்கொண்டிருந்தபோதுதான் மண்டையில் உறைத்தது. தண்ணீருக்கடியில் இருக்கும் கல்லை எந்த ரத்தமும் காட்டிக் கொடுக்காது. அந்த வழியாகப் போனவர்களுக்குத்தான் அது தெரியும். விடிகாலையில் சித்தி கூடையோடு நண்டு வாங்கக் கிளம்புவாளே, நல்ல நண்டு எங்கே கிடைக்கும்? ஏரியில். ஏரி நண்டு எண்ணூருக்கு எதில் வரும்? மாப்பிள்ளையின் போட்டில். குப்பத்துச் சட்டத்தை அத்தை உடைப்பதற்கு ஒரு வருஷம் முன்னாலேயே சித்தி தார்ப்பாய்கூட இல்லாமல் அதில் ஏறி உடைத்திருக்கிறாள். நண்டுக்காரர் ஏலத்தில் வந்து மாமாவிடம் அத்தனை மரியாதையாகப் பழகியதும் தானாக நடந்ததில்லை. அன்றைக்கு முதன்முதலாகப் போட்டில் ஏறிய பெண்கள் அம்மாவும் அத்தையும் நானும்தான்.

ஆனால் அந்தச் சாயங்காலம் எனக்கு ஒன்றும் தெரியாது. வெயில் தாழ்ந்து, நாங்கள் திரும்பக் கிளம்பினோம். மாப்பிள்ளை கரை வரைக்கும் வந்தார்.

"மச்சான், இருட்டுறதுக்குள்ள போவணும். வயி காட்ட தண்ணி பிரியுற அந்த முக்கு வரைக்கும் நான் வரட்டா?" என்று கேட்டார்.

"வாணாம் மாப்ள" என்றார் மாமா. "எங்க வூட்டுப் பொண்ணுக்கு இந்தத் தண்ணி தானா தெரியும்!"

மாப்பிள்ளைக்குச் சட்டென்று இருமல் வந்துவிட்டது. சாதாரண இருமல் இல்லை. முகமெல்லாம் சிவந்து, கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. நான்தான் ஓடிப் போய்ச் சொம்பில் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். பாவம், ஏரிக் காற்று அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது என்று அம்மாவிடம் சொன்னேன். அம்மா அத்தையைப் பார்த்தாள். இரண்டு பேரும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டார்கள். சித்தி அதற்குள் போட்டில் ஏறி, கோலைக் கையில் எடுத்துக்கொண்டு, முன்னால் போய் நின்றுவிட்டிருந்தாள்.